சிவப்பு ரோவில் ஒரு யோக்கியன்

நேற்று ராத்திரியிலிருந்து நான் சிவப்பு. வெளிர் சிவப்புப் பின்னணி, அடர் சிவப்பு எழுத்து. எங்கள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் செயலாளர் அனுப்பிய மெயின்டனன்ஸ் ஷீட்டில், வீட்டு எண்ணில் தொடங்கிக் குறிப்பு வரைக்கும், ரோ முழுக்கச் சிவப்பு. கெடு பத்தாம் தேதி. நான் நாலாம் தேதியே யூபிஐயில் கட்டி, ஸ்கிரீன்ஷாட்டையும் அதே குரூப்பில் போட்டேன். அதற்குச் செயலாளர் இரண்டு கை கூப்பும் பொம்மையை அனுப்பியிருந்தார். கும்பிட்ட கையாலேயே சிவப்பும் பூசியிருக்கிறார்.

காலையில் லிஃப்டில் மூன்றாவது மாடி மாமி, "ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்றார். எது சரியாகும் என்று கேட்டுத் தொலைத்தேன். "இல்ல, லிஸ்ட்ல பார்த்தேன்..." என்று இழுத்தவர், முதல் மாடியிலேயே இறங்கி மீதியைப் படியேறிப் போய்விட்டார். முட்டிவலிக்காரர். என்னோடு சேர்ந்து நிற்கும் சங்கடத்தைவிட முட்டிவலி தேவலை என்று தோன்றியிருக்கிறது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்தப் பரிவு தாங்கவில்லை.

செயலாளருக்கு ஃபோன் செய்தேன்.

"சார், நான் எதுவுமே பண்ணல. ஃபார்முலாதான் பண்ணுது."

"நான் கட்டிட்டேனே சார்?"

"கட்டிட்டீங்களே. பெய்டுன்னு நானேதான் போட்டேன்."

"அப்புறம் ஏன் சிவப்பு?"

"அதான் சார் எனக்கும் புரியல. காரணம் இல்லாம ஃபார்முலா சிவப்பு காட்டாதே."

பேங்கில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பணம் தன் கைக்கு வந்ததை ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் நான் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று சந்தேகப்படுகிறார்.

ஷீட்டில் கலர் பூசுவதற்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நானும் பூசுகிறவன்தான், நீங்களும் பூசுகிறவர்தான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவர்கள் பச்சை, இன்ஷூரன்ஸ் பிரீமியம் நெருங்கினால் மஞ்சள், பையனின் மார்க் நாற்பதுக்குக் கீழே போனால் ஆரஞ்சு என்று எல்லார் வீட்டிலும் ஒரு ஷீட் இருக்கிறது. என் பிரஷர் மாத்திரைக்கே ஒன்று வைத்திருக்கிறேன். விழுங்கினால் பச்சையாகும். சில நாள் பச்சையைப் பார்க்கிற ஆசையில் மாத்திரை வேளைக்கு முன்னாடியே இறங்கிவிடுகிறது. இப்படி ரோவுக்கு நிறம் பூசுவதில் உண்மையிலேயே ஒரு பயன் உண்டு. அதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் என் மேல் விழுந்த பழி தீர வேண்டும்.

பழிக்குக் காரணம் ஒரு ஸ்பேஸ். செயலாளர் நிலவரத்தை ஃபோனில்தான் ஏற்றுகிறார். முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் கீபோர்டே முழு வார்த்தையை நீட்டும். அதைத் தொட்டால் வார்த்தையும் வரும், அடுத்த வார்த்தைக்கு வசதியாக வாலில் ஒரு ஸ்பேஸும் வரும். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் ஃபார்முலாவுக்கு 'பெய்டு' வேறு, 'பெய்டு'வும் ஒரு ஸ்பேஸும் வேறு. இங்கிலீஷில் பெரிய எழுத்தில் அடித்தாலும் சின்ன எழுத்தில் அடித்தாலும் இரண்டும் ஒன்றே என்று பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்கிற எக்செல், வாலில் ஒட்டிய ஒன்றுமில்லாத ஒன்றை மட்டும் மன்னிப்பதில்லை. 'டிரிம்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அது இந்த வாலை நறுக்கும். சொன்னேன். "ஃபார்முலாவுல கைவெச்சா மத்ததெல்லாம் கலைஞ்சிடும் சார்" என்றார்.

ஆக, கட்டியவன் சிவப்பு. கட்டாதவர் என்ன நிறம் என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் தளத்திலேயே கோடி வீட்டில் ஒருவர் இருக்கிறார். போன தீபாவளிக்கு முந்தைய பாக்கியே இன்னும் நிற்கிறது. அவரிடம் கெடு தேதி கேட்டபோது, "அடுத்த வாரம்" என்றார். செயலாளர் நேர்மையான மனிதர். கெடு தேதிக் கட்டத்தில் 'அடுத்த வாரம்' என்றே ஏற்றிவிட்டார். கெடு இன்றைய தேதிக்கு முந்தியதாக இருந்தால் ரோ சிவக்க வேண்டும் என்பது ஃபார்முலா. எக்செலுக்குத் தேதி என்பது வெறும் எண். 1900 ஜனவரி 1 என்றால் 1. 2025 ஜனவரி 1 என்றால் 45,658. எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடச் சொன்னால், எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது என்பது அதன் சட்டம். எனவே 'அடுத்த வாரம்' என்பது இன்றைக்கும் பெரிது, நாளைக்கும் பெரிது, இந்தக் கட்டடம் இடிந்து விழும் நாளுக்கும் பெரிது. அவர் ரோ சிவக்கவே சிவக்காது. துவைத்த வேட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கிறார்.

பில்டர் இன்னும் விற்காத வீடுகள் கதை வேறு. அவற்றுக்குக் கெடு தேதிக் கட்டம் காலி. காலியை எக்செல் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்தைத் தேதியாகக் காட்டச் சொல்லிப் பாருங்கள், 1900 ஜனவரி பூஜ்யம் என்று கூசாமல் காட்டும். எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத அந்த நாளிலிருந்து ஆளில்லாத வீடுகள் பாக்கி வைத்திருக்கின்றன. போதாக்குறைக்கு 1900 பிப்ரவரிக்கு எக்செல் 29 நாள் கொடுக்கிறது. உண்மையில் அது லீப் வருஷமே இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய ஷீட்டில் இருந்த தவறு, அதனோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே வைத்துக்கொண்டது. காலி வீட்டுக்கு அபராத வட்டி போட்டால் அந்த ஒரு நாளுக்கும் சேர்த்துத்தான் விழும்.

சரி, பயனுக்கு வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் டாலரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

ஒரு கட்டத்துக்கு மட்டும் நிறம் பூச யாராலும் முடியும். ரோ முழுக்க நிறம் பரவ வேண்டும் என்றால், ஃபார்முலாவில் காலத்தின் (நெடுக்கு வரிசையின்) எழுத்துக்கு முன்னால் ஒரு டாலர் போட வேண்டும். எண்ணுக்கு முன்னால் போடக் கூடாது. இந்த ஷீட்டைப் பிறப்பித்தபோது செயலாளர் மொட்டைமாடியில் நின்று ஸ்பீக்கரில் அக்கா பையனிடம் பாடம் கேட்டார். பையன் ஓஎம்ஆரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான். நான் துணி எடுக்கப் போனவன்.

"மாமா, டாலர் போட்டீங்களா?"

"எதுக்குடா டாலர்? எல்லாரும் ரூபாய்லதானே கட்றாங்க. அமெரிக்காவுல இருக்கிற நாலாவது மாடிக்காரர்கூட ரூபாய்லதான் அனுப்புறார்."

"அய்யோ, அது இல்ல மாமா. இ-க்கு முன்னாடி டாலர் சிம்பல் போடுங்க."

"அப்ப 2-க்கு?"

"2-க்கு வேணாம்."

"ஏன், அது என்ன பாவம் பண்ணுச்சு?"

பையன் விளக்கினான். செயலாளருக்குப் புரிந்ததா என்பதை அடுத்தடுத்து வந்த ஷீட்டுகள் சொல்லின.

முதல் பதிப்பில் டாலரே இல்லை. கெடு தேதி இருப்பது இ காலம். வீட்டு எண் இருக்கும் முதல் கட்டம் ஒழுங்காக இ-யைப் பார்த்தது. பக்கத்தில் பெயர் இருக்கும் கட்டம், 'அவன் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தால் நானும் ஒரு தள்ளு' என்று எஃப்-ஐப் பார்த்தது. ஃபோன் நம்பர் குறிப்புக் காலத்தைப் பார்த்தது. தொகையில் தொடங்கி மற்றவையெல்லாம் ஷீட்டுக்கு வெளியே வெட்டவெளியைப் பார்த்தன. வெட்டவெளி காலி, காலி என்றால் பூஜ்யம், பூஜ்யம் என்றால் 1900. எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் வலது பாதி சிவந்தது. குறிப்பில் 'வெளியூர்' என்று எழுதப்பட்டிருந்தவருக்கு மட்டும் ஃபோன் நம்பர் தப்பித்தது. ஆள் பாதி யோக்கியன், பாதி கடன்காரன். அந்த மாதம் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாவது பதிப்பில், குறைவாகப் போட்டால்தானே வம்பு என்று எழுத்துக்கும் எண்ணுக்கும் இரண்டு டாலரையும் போட்டுவிட்டார். இப்போது கட்டடத்தில் உள்ள அத்தனை கட்டமும் ஒரே இடத்தைப் பார்த்தது. அது முதல் வீடு. முதல் வீட்டில் இருப்பவர் அசோசியேஷன் தலைவர். தலைவர் பணம் கட்டினார், கட்டடமே பச்சையானது. பில்டரின் காலி வீடுகள் பச்சை, 'அடுத்த வாரம்' பச்சை, எல்லாம் பச்சை. வரலாற்றிலேயே பாக்கி இல்லாத மாதம் அதுதான். தலைவருக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போய், "இதே நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டதாகக் கேள்வி.

மூன்றாவது பதிப்பில் டாலர் எழுத்தை விட்டுவிட்டு எண்ணுக்கு மட்டும் போயிற்று. நிறம் குறுக்கே ஓடாமல் நெடுக்கே இறங்கியது. எல்லார் வீட்டு எண்ணும் வெள்ளை, எல்லார் ஃபோன் நம்பரும் சிவப்பு. அந்த ஷீட்டில் யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று கண்டுபிடித்தவருக்கு ஒரு மாத மெயின்டனன்ஸைத் தள்ளுபடியே செய்திருக்கலாம்.

நான்காவது பதிப்பில் டாலர் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ஃபார்முலா இரண்டாவது ரோவுக்கு எழுதியது. ஆனால் பூசும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பையும் சேர்த்து முதல் ரோவிலிருந்து இழுத்துவிட்டார். விளைவு, ஒவ்வொரு ரோவும் தனக்குக் கீழே இருப்பவரின் நிலவரத்தைக் காட்டியது. எனக்கு அடுத்த வீட்டுக்காரர் கட்டாததற்கு நான் சிவந்தேன். நான் கட்டியதற்கு எனக்கு முந்தைய வீட்டுக்காரர் பச்சையானார், நன்றிகூடச் சொல்லவில்லை. 'வீட்டு எண், பெயர், ஃபோன்' என்ற தலைப்புக்கே தலைவரின் பச்சை வந்தது. கடைசி வீட்டுப் பாட்டிக்குக் கீழே யாரும் இல்லை. காலி. பூஜ்யம். 1900. அந்தப் பாட்டி ஒவ்வொரு மாதமும் ஒண்ணாம் தேதி விடிந்ததும் காசைக் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பவர். இப்போதைய பதிப்பில் இழுத்த இடம் திருந்தும்வரை அவர் சிவப்புதான்.

இதற்கு நடுவில் பையன் சொன்ன இன்னொன்று உண்டு. ஃபார்முலா பெட்டிக்குள் அடித்ததைத் திருத்த இடது அம்பை அழுத்தினால், அது எழுத்துக்குள் நகராது. ஷீட்டில் எங்கோ சும்மா கிடக்கும் கட்டத்தின் முகவரியை இழுத்துவந்து நடுவில் ஒட்டும். கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கும் எஃப்2 பொத்தானை ஒரு தடவை அமுக்கிவிட்டு நகர்ந்தால் ஒட்டாது. "எஃப்2 அமுக்குங்க மாமா" என்றான் பையன். மாமா எஃப்-ஐ அமுக்கினார், பிறகு 2-ஐ அமுக்கினார். எக்செல் ஒரு எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டியது. "எர்ரர்னு சொல்றான்டா." "திரும்ப எஃப்2 அமுக்குங்க." திரும்பவும் அமுக்கினார். நான் துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். ஈரம்கூடக் காயவில்லை.

எக்செல் 97-இல் நிபந்தனை வைத்து நிறம் பூசும் வசதி முதலில் வந்தபோது ஓர் இடத்துக்கு மூன்றே நிபந்தனைதான். 2003 பதிப்பு வரை அப்படித்தான் இருந்தது. தட்டில் இருந்த நிறமும் மொத்தம் 56. கட்டினவர், கட்டாதவர், மீதிப்பேர் என்று மனித குலத்தை மூன்றாகப் பிரித்தால் போதுமானதாக இருந்தது, யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. 2007-இல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். ரோக்களும் 65,536-இலிருந்து 10,48,576 ஆயின. பட்டை, அம்பு, கொடி, சிக்னல் விளக்கு எல்லாம் உள்ளே வந்தன. அதிலிருந்து பிடித்த சனி. எங்கள் ஷீட்டில் இப்போது வாடகைக்கு இருப்பவர் இளநீலம், வெளிநாட்டில் இருப்பவர் ஊதா, நாய் வளர்ப்பவர் காப்பிக்கலர். நாய்க்கும் மெயின்டனன்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "ஒரு தகவலுக்கு" என்றார்கள். வாடகைக்கு இருந்து நாயும் வளர்ப்பவருக்கு எந்த நிறம் என்பதில் இரண்டு கட்சி உண்டாகி, எந்த விதி மேலே இருக்கிறதோ அதுதான் ஜெயிக்கும் என்று எக்செலே தீர்த்துவைத்தது. நாய் மேலே இருக்கிறது.

அதோடு விட்டதா? ஒரு ரோவை வெட்டி இன்னொரு இடத்தில் ஒட்டினால் நிறத்தின் விதியும் கூடவே துண்டு துண்டாகப் போய் ஒட்டிக்கொள்ளும். விதிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒரே சிவப்பு, ஒரே ஃபார்முலா, ஒரு துண்டு மேல் மாடிக்கு, ஒரு துண்டு கீழ் மாடிக்கு, ஒரு துண்டு எவரும் இல்லாத ஓர் ஒற்றைக் கட்டத்துக்கு என்று மவுஸ் சக்கரம் தேயத் தேய இறங்கிக்கொண்டே இருந்தது. ஷீட் திறப்பதற்குள் காப்பி ஆறிப்போவதற்குக் காரணம் அதுதான்.

போன கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர் ஒரு கேள்வி கேட்டார். "மொத்த பாக்கி எவ்வளவு?" நியாயமான கேள்வி. எல்லாரும் திரையைப் பார்த்தோம். சிவப்பு நிறைய இருந்தது. ஆனால் எவ்வளவு ரூபாய்? நிறத்தைப் பார்த்துக் கூட்டுகிற ஃபங்ஷன் எதையும் எக்செல் தரவில்லை. நிறத்தால் ஃபில்டர் போட்டு அதற்குப் பிறகு கூட்டலாம், ஆனால் அது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. செயலாளர் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு சிவப்பாக எண்ணினார். நடுவில் யாரோ டீ வேண்டுமா என்று கேட்டார்கள். முதலிலிருந்து எண்ணினார். பொருளாளர் மட்டும் பொறுமையாக இருந்தார். அவருக்குப் பிறவியிலேயே சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது, ஆண்களிடம்தான் அதிகம். கட்டடத்தில் எல்லாரிடமும் ஒரே முகத்தோடு சிரித்துப் பேசுகிற ஒரே மனிதர் அவர்தான். இப்போதுதான் காரணம் புரிகிறது.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்காக ஷீட்டைப் பிரின்ட் எடுத்து வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள். அசோசியேஷன் பிரின்டர் கறுப்பு வெள்ளை. பச்சையும் சிவப்பும் ஊதாவும் நாயும் ஒரே சாம்பல். அடர் சாம்பல் எழுத்து, வெளிர் சாம்பல் பின்னணி, பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. அங்கே நான் நிம்மதியாக இருக்கிறேன்.

எனக்குக் கோபம் ஃபார்முலா மேல் இல்லை. அதற்குச் சொன்னதைச் செய்கிறது. முன்பெல்லாம் செயலாளராக இருந்தவர் ஒரு நீள நோட்டோடு வந்து காலிங்பெல் அடிப்பார். உள்ளே வந்து உட்கார மாட்டார். "சார், இந்த மாசம் இன்னும் வரலையே" என்பார். நாம் 'நாளைக்கு' என்போம். அவர் முகம் ஒரு மாதிரி போகும். அந்த முகத்துக்குப் பயந்தே மறுநாள் பணம் போய்விடும். இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி நிறம் பூசிவிட்டு, வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிடுகிறோம். ஆபீஸிலும் இதே கூத்துதான். திங்கட்கிழமை மீட்டிங்கில் மஞ்சளாக இருக்கிற வேலையை யாரும் செய்வதில்லை, அது ஏன் இன்னும் ஆரஞ்சாகவில்லை என்றுதான் பேசுகிறார்கள். சிவப்பைப் பார்த்துப் பணம் கட்டிய ஒரு மனிதனை நான் இன்னும் சந்திக்கவில்லை. சிவப்பைப் பார்த்து, "ஃபார்முலா தப்பு சார்" என்று சொன்னவர்கள் நிறைய. அதில் பாதிப்பேர் சொன்னது சரி என்பதுதான் கொடுமை.

அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, இனி ஷீட்டில் மூன்று நிறத்துக்கு மேல் கூடாது. இரண்டு, நாய் விதி நீக்கப்படும். மூன்று, ஒரு ரோவைச் சிவப்பாக்குகிறவர் அன்று சாயங்காலமே அந்த வீட்டுக் காலிங்பெல்லை அடித்து நேரில் கேட்க வேண்டும். கேட்க முடியாதவர் பூசக் கூடாது. செயலாளர் படித்துப் பார்த்தார், நல்ல யோசனை என்றார், ஷீட்டில் 'பொதுக்குழு' என்று ஒரு புது டேப் திறந்து அதில் ஏற்றினார். 'பரிசீலனையில்' என்பதற்கு இளம் ரோஸ்.

தீர்மானத்தை வழிமொழிய ஒரு கையெழுத்து வேண்டும். தலைவர் ஊரில் இல்லை. மாமி காலைக்குப் பிறகு லிஃப்ட் பக்கமே வரவில்லை. கடைசியில் கோடி வீட்டுக்காரர் கதவைத் தட்டினேன். தீர்மானத்தை முழுக்கப் படித்தார், மூன்றாவது பாயின்ட்டை இரண்டு தடவை படித்தார். பேனாவை நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல், "தாராளமா போடறேன் சார், அடுத்த வாரம் வாங்க" என்றார்.